ஹலப் மண்ணில் ஓர் அமானிதம்

விளைபொருள்களின் ஜகாத்தைப் பற்றிய பாடத்தை மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்குங்கால் ஆண்டுதோறும் நாம் ஓரிடத்தில் சற்று நின்று செல்வது வழக்கம். மழையாலும் ஆற்றாலும் தானே நீருண்டு விளைந்த பயிரில் பத்தில் ஒரு பங்கு. வாளியும் ஏற்றமும் கொண்டு இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. செலவும் உழைப்பும் கூடிய இடத்தில் கடமை பாதியாகக் குறைந்தது என்பதை மாணவர் உடனே விளங்கிக்கொள்வர். ஆனால் ‘பஃல்’ எனும் சொல்லில் தடுமாறுவர். இறைக்கும் நீரை வேண்டாது மண்ணின் ஈரத்தை வேரால் உறிஞ்சி வாழும் பயிர் என்றும், அத்தகைய நிலம் என்றும் அகராதிக்காரர்கள் இதற்குப் பொருள் எழுதுவர். ‘வானம் பார்த்த பூமி, நம் மானாவாரி’ என்று நாம் சொன்ன மாத்திரத்தில், புன்செய்க் காட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் முகம் தெளிந்துவிடும்.

இந்தப் ‘பஃல்’ நிலத்தின் அண்மைக்கால வரலாற்றையே ஈண்டு எழுத முற்படுகின்றோம். உலகின் பசியைத் தணிக்க வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்த வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் நன்செய் நிலத்தின் வரலாற்றையே கூறுகின்றனர். 1960இல் பிலிப்பைன்ஸில் நெல்லுக்கும், 1966இல் மெக்சிகோவில் கோதுமைக்கும் மக்காச்சோளத்திற்குமாகப் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றின. அங்கே உருவான குட்டைத்தாள் ரகங்கள் உரத்தையும் நீரையும் வாங்கிக்கொண்டு கதிரை நிரப்பித் தந்தன. அவற்றால் கோடிக்கணக்கான வயிறுகள் நிறைந்தன என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் கால்வாயும் கிணறும் எட்டாத நிலத்தை உழுதுண்போருக்கு அப்புரட்சி அடுத்த ஊர்த் திருமணமாகவே இருந்தது. முழக்கம் மட்டும் காதில் விழுந்தது. 1971இல் இத்தகைய நிலையங்களுக்கெல்லாம் பொதுவான ஆலோசனைக் குழு ஒன்று அமைந்த பின்னரே வறண்ட பூமியின் முறை வந்தது. 1972இல் நம் ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் ஒரு நிலையம் எழுந்தது. 1977இல் ஷாம் நாட்டில், ஹலப் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தல் ஹத்யாவில் மற்றொன்று எழுந்தது. வறண்ட பகுதிகளுக்கான பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையம் என்பது அதன் பெயர். இக்கார்டா என்பது உலக வழக்கு.

முதலில் லெபனானே அப்பணிக்குத் தாயகமாக இருந்தது. மேற்காசிய வறண்ட நிலங்களின் பயிர்களை ஆராயும் திட்டமொன்று அங்கே ஏற்கெனவே நடைபெற்று வந்தது. 1975இல் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டதால் புதிய நிலையத்தின் தலைமையிடம் சிரியாவுக்குப் போயிற்று. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்.

‘தல்’ என்றால் மேடு என்பது பொருள். ஹலபைச் சுற்றியுள்ள சமவெளியில் இப்பெயர் தாங்கிய ஊர்கள் பல. அம்மேடுகளுள் பெரும்பாலானவை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் வீடு கட்டி, இடிந்து, அதன்மேல் மீண்டும் கட்டி வாழ்ந்ததால் உயர்ந்தவை. வாற்கோதுமையும் கோதுமையும் மைசூர்ப் பருப்பும் கொண்டைக்கடலையும் காட்டுப் புல்லாகவும் காட்டுக் கொடியாகவும் இருந்த நிலையிலிருந்து மனிதன் கைக்குப் பயிராக வந்து சேர்ந்தது இவ்வட்டாரத்தில்தான். அதற்குப் பதினாயிரம் ஆண்டுகள் வரை ஆகின்றன. ஃபுராத் நதிக்கரையில் அபூ ஹுரைரா என்னும் மேட்டை 1972, 1973ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, வேட்டையும் காய்கனி பொறுக்கலுமாக வாழ்ந்த மக்கள் பயிரிடுவோராக மாறிய படிகள் அம்மண்ணடுக்குகளில் வெளிப்பட்டன. அகழ்ந்தோர் விரைந்து பணியாற்ற வேண்டியதாயிற்று. தப்கா அணைக்கட்டு நிரம்பிக்கொண்டிருந்தது. பாசனத்திற்காகக் கட்டிய அணையின் நீருக்குள் உலகின் மிகப் பழைய உழவர் ஊர்களுள் ஒன்று மூழ்கிப்போனது. அதனை முறையென்பதா, முரணென்பதா என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

பயிராராய்ச்சி என்பது மேனாட்டார் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அரபு மொழியில் ‘ஃபிலாஹத்’ எனும் வேளாண் கலைக்குத் தனி நூல் வரிசையே உண்டு. இப்னு வஹ்ஷிய்யா தம் ‘அல் ஃபிலாஹத்துன் நபத்திய்யா’வை ஹிஜ்ரி 291இல் (கி.பி. 904) பழைய சிரிய மொழி நூலிலிருந்து பெயர்த்ததாகக் கூறுகிறார். நிலத்தடி நீரைக் கண்டறியும் முறையும் மண்ணின் வகைகளும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. அவற்றோடு மந்திரமும் சோதிடமும் கலந்து கிடக்கின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் துலைத்துலாவின் (தொலேதோ) அரசத் தோட்டத்தைப் பேணிய இப்னு பஸ்ஸால், ஏட்டறிவை விட்டுத் தம் கையறிவையே எழுதினார். அவருக்குப் பின் இஷ்பீலியாவின் (செவில்) இப்னுல் அவ்வாம் தம் ‘கித்தாபுல் ஃபிலாஹா’வில் முன்னோர் கூற்றுகளையெல்லாம் தொகுத்ததோடு, தம் ஊரை அடுத்த ஷரஃப் மேட்டு நிலத்தில் தாமே செய்து பார்த்தவற்றைத் தனியே பிரித்துச் சொன்னார். 1802இல் அந்நூல் அரபு மூலத்துடனும் ஸ்பானிய மொழிபெயர்ப்புடனும் மத்ரீதில் அச்சேறியது. தம் நாட்டு வேளாண்மையைச் சீர்திருத்த விரும்பிய ஸ்பானியர் ஆறு நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு முஸ்லிம் உழவரின் ஏட்டை நாடினர் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆராய்ச்சி ஒரு பக்கமிருக்க, அரசின் கொள்கை மறுபக்கம். ஹாரூன் அர்ரஷீதின் தலைமைக் காழியாக விளங்கிய இமாம் அபூ யூசுஃப் (இறப்பு ஹிஜ்ரி 182) கலீஃபாவின் வேண்டுகோளின்பேரில் எழுதிய ‘கித்தாபுல் கராஜ்’ நம் மாணவர்கள் பெயரளவில் மட்டும் அறிந்த நூல். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை என்று நிலத்தின் அளவுக்கு வரி விதிப்பது உழவனை ஊரைவிட்டு ஓடச் செய்யும். விளைச்சலில் பங்காக வாங்குவதே தக்கது. இறைத்துப் பாய்ச்சும் நிலத்தில் அப்பங்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது அவருடைய முடிபு. உழவனின் நீர்ச்செலவை அரசு கணக்கில் எடுக்க வேண்டும் என்ற இக்கருத்தை மனத்தில் கொண்டு நாம் மீண்டும் தல் ஹத்யாவுக்குத் திரும்புவோம். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே நாட்டில் அக்கேள்வி எப்படித் திரும்பி வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தல் ஹத்யாவில் ஆயிரம் ஹெக்டேரை நெருங்கிய நிலம் அந்நிலையத்திற்குக் கிடைத்தது. அங்கே ஆண்டு மழை 350 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் குளிர்காலத்தில் மட்டுமே. வாற்கோதுமை, மைசூர்ப் பருப்பு, அரபுகள் ‘ஃபூல்’ என்று காலையுணவில் உண்ணும் பெரும்பயறு ஆகியன உலகளாவிய பொறுப்பாக அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. கோதுமையும், நோன்பு திறக்கும் வேளையில் நம் தட்டிலும் இடம்பெறும் வெள்ளைக் கொண்டைக்கடலையும் அவற்றோடு சேர்ந்தன.

கொண்டைக்கடலையின் கதை சிறிது விரித்துரைக்கத் தக்கது. மழை குளிர்காலத்தில் பெய்கிறது. ஆனால் ஷாம் நாட்டு உழவர் அதனை இளவேனிலில், மழை ஓயும் தறுவாயில் விதைப்பர். எஞ்சிய ஈரத்தில் அது குட்டையாய் வளர்ந்து, வெயில் முற்றுமுன் சிறிது காய்த்து முடியும். மழையை வீணாக்கிவிட்டு வறட்சியில் விதைப்பானேன் என்று புதிதாய் வந்தோர் வியந்தனர். உழவர் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. குளிர்காலத்தில் விதைத்தால் ஈரத்தோடு ஒரு பூசணக் கருகல் நோய் வந்து வயல் முழுவதையும் சில நாளில் தீய்த்துவிடும். நிறைய இழப்பதைக் காட்டிலும் குறைய விளைவிப்பது மேல் என்று பாட்டன்மார் கண்ட வழி அது. இதனை உணர்ந்த பின்னரே ஆராய்ச்சி சரியான திசையில் சென்றது. ஆயிரக்கணக்கான பழைய ரகங்களை நோய்க்கு வேண்டுமென்றே ஆட்படுத்தி, தப்பிப் பிழைத்தவற்றையும் கடுங்குளிரைத் தாங்கியவற்றையும் கலந்து, குளிர்காலத்தில் விதைக்கத்தக்க ரகங்களை உருவாக்கினர். விளைச்சல் ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும் உயர்ந்தது. செடி உயரமாக வளர்ந்ததால் இயந்திரத்தால் அறுக்கவும் முடிந்தது.

வாற்கோதுமையில் ஆராய்ச்சியாளரே பாடம் கேட்க வேண்டியதாயிற்று. சிரியாவின் உழவர் ‘அரபீ அப்யள்’ என்னும் வெள்ளை ரகத்தையும், மிகவும் வறண்ட இடங்களில் ‘அரபீ அஸ்வத்’ என்னும் கறுப்பு ரகத்தையும் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்தனர். நிலையத்தின் நல்ல மண்ணில் உரமிட்டுத் தேர்ந்தெடுத்த உயர் ரகங்களை அவர்களிடம் கொடுத்தபோது அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. 1990களின் நடுவில் சல்வதோரே செக்கரேல்லி என்னும் இத்தாலிய அறிஞரும் அவருடைய குழுவினரும், தேர்ந்தெடுக்கும் வேலையையே உழவரின் வயலுக்குக் கொண்டுசென்று அவர்கள் கையிலேயே ஒப்படைத்துப் பார்த்தனர். அப்போதுதான் உண்மை புலனாயிற்று. விஞ்ஞானி தானியத்தை மட்டும் எடைபோட்டார். உழவனோ ஆட்டுக்குத் தாளும் வேண்டுமென்று பார்த்தான். வறண்ட ஆண்டில் பயிர் முழங்காலுக்கும் கீழே நின்றுவிட்டால் அறுவடை இயந்திரத்தின் வாய்க்கு அது எட்டாது. ஆதலின் உயரமான தாளை அவன் விரும்பினான். நிறுத்த தானியத்தில் இரண்டு மூட்டை குறைந்தாலும் அவன் கணக்கில் அதுவே ஆதாயம். கற்றறிந்தோர் கல்லாதவரிடம் கற்றுக்கொண்ட இந்நிகழ்ச்சியை, அந்நிலையம் வெளியிட்ட எந்த ரகத்தைக் காட்டிலும் நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

ஏனைய பணிகளைச் சுருக்கமாகவே சொல்ல இடமுண்டு. பங்களாதேஷில் நோய் தாங்கும் மைசூர்ப் பருப்பு ரகங்கள் உருவாக ஹலபின் விதைகள் உதவின. பஞ்ச காலத்தில் வேறொன்றும் விளையாதபோது ஏழைகள் உண்டு கால் முடங்கிப்போகும் கேசரிப் பருப்பில் நஞ்சு குறைந்த வகைகளைத் தேடும் ஆராய்ச்சியும் அங்கே நடைபெற்றது.

இனி, நாம் தள்ளிவைத்த நீரின் கணக்குக்கு வருவோம். மானாவாரிக் கோதுமைக்கு மழை பொய்க்கும் சில நாட்களில் மட்டும், பூக்கும் பருவத்தையும் மணி பிடிக்கும் பருவத்தையும் பார்த்து ஓரிரு முறை நீர் பாய்ச்சினால் விளைச்சல் இரு மடங்குக்கும் மேலாகும் என்று தல் ஹத்யாவின் ஆராய்ச்சி காட்டியது. துணைப் பாசனம் என்பது இதன் பெயர். முழு வேட்கையையும் தணிக்க நீர் பாய்ச்சுவதைவிட, அதில் பாதியை இரு பங்கு நிலத்திற்குப் பகிர்ந்தால் மொத்த தானியம் கூடும் என்பதும் அதன் முடிபு. நீரின் ஒவ்வொரு துளிக்கும் எத்தனை மணி என்பதே அவர்களுடைய அளவுகோல்.

அரசின் அளவுகோல் வேறாக இருந்தது. கோதுமையை நாட்டின் உயிர்நிலைப் பயிராக அறிவித்து, சந்தைக்கு மேற்பட்ட விலை கொடுத்து வாங்கியது. இறைக்கும் இயந்திரத்திற்கு டீசலை மிக மலிவாக வழங்கியது. கிணறு வெட்டக் கடனும் கொடுத்தது. நல்ல எண்ணத்தோடு செய்த காரியமே இது. 1990களில் சிரியா தன் தேவைக்கு மேல் கோதுமை விளைவித்து வெளியேயும் விற்றது. வேற்று நாட்டுக் கப்பலை எதிர்நோக்கிப் பசித்திருக்கும் இழிவு நீங்கியது. ஆனால் ஆராய்ச்சி சொன்ன ‘ஓரிரு முறை’ என்பதை நீரைக் காசில்லாமல் பெற்றவன் ஏன் கேட்கப்போகிறான்? 2007 வாக்கில் நாட்டின் கிணறுகள் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. ஜஸீராப் பகுதியில் காபூர் ஆற்றுக்குப் பிறப்பிடமான ஊருக்கு ‘ரஃஸுல் ஐன்’, அதாவது ஊற்றின் தலை என்று பெயர். எல்லைக்கு இருபுறமும் நீரை உறிஞ்சியதால் சென்ற நூற்றாண்டு முடியுங்காலத்தில் அவ்வூற்று வற்றிப்போயிற்று. பெயர் மட்டும் எஞ்சியது.

2006 முதல் தொடர்ச்சியாக வறட்சி வந்தது. 2008இல் சிரியா பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கோதுமையை இறக்குமதி செய்தது. அதே ஆண்டு மே மாதத்தில் டீசலுக்கான சலுகையை அரசு ஒரேயடியாகக் குறைக்க, அதன் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. ஆழக் கிணறு வெட்டும்படி ஊக்கியது அரசு; கிணறு ஆழமான பின் இறைக்கும் வழியை அடைத்ததும் அதே அரசு. இலட்சக்கணக்கானோர் ஜஸீராவை விட்டு நகர்ப்புறங்களின் ஓரத்தில் கூடாரமடித்தனர். 2011இல் எழுந்த கிளர்ச்சிக்கும் போருக்கும் வறட்சியே காரணம் என்று எழுதுவோர் உண்டு. நாம் அதனை அப்படியே ஏற்கவில்லை. மழை பொய்த்தது இறைவன் நாட்டம். அண்டை நாடுகளிலும் அது பொய்த்தது. ஆட்சியாளர் செய்ததை மேகத்தின் மேல் ஏற்றிவிடுவது நீதியன்று. எனினும் உழவனின் நீர்ச்செலவைக் கணக்கில் எடுக்கும்படி கலீஃபாவுக்கு எழுதிய அந்த காழியின் நூல் நம் நினைவுக்கு வராமல் இல்லை.

போர் ஹலபை எட்டியபோது தல் ஹத்யாவில் ஏறத்தாழ 1,50,000 விதை மாதிரிகள் குளிர் அறைகளில் இருந்தன. மலைச்சரிவுகளிலும் கிராமத்துக் குதிர்களிலும் சந்தைகளிலும் திரட்டியவை அவை. அவற்றுள் பல இன்று எந்த வயலிலும் காணக் கிடைக்காதவை. இவை யாருக்குச் சொந்தம்? 1994 அக்டோபரில் இத்தகைய நிலையங்கள் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்போடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி விதைகள் நிலையத்தின் உடைமையல்ல. உலகத்தாருக்காக அதனிடம் ஒப்படைக்கப்பட்டவை. எவரும் அவற்றின்மேல் தனியுரிமை கோர விடலாகாது. சட்டமொழியில் எழுதிய அவ்வாசகத்தை நம் மொழியில் ஒரே சொல்லால் கூறிவிடலாம்: அமானிதம்.

அமானிதத்தைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் விரிவான பாடம் உண்டு. தன்னிடம் வைத்த பொருளை உரியவரின் அனுமதியின்றி மற்றொருவரிடம் கொடுத்து வைத்தல் கூடாது. ஆனால் தீப்பிடித்தல், கப்பல் மூழ்குதல் போன்ற ஆபத்து நேர்ந்தால் நம்பத்தக்க வேறொருவரிடம் கைமாற்றிக் காப்பாற்றலாம். தல் ஹத்யாவில் இருந்தோர் தீ மூளும் வரை காத்திருக்கவில்லை. அண்டை நாடுகளில் நேர்ந்ததை அவர்கள் கண்டிருந்தனர். ஆப்கானிஸ்தானில் கஸ்னியிலும் ஜலாலாபாதிலும் வீடுகளில் மறைத்து வைத்திருந்த விதைச் சேமிப்பை 2002இல் சென்று பார்த்தபோது, கொள்ளையர் பிளாஸ்டிக் ஜாடிகளுக்காக விதைகளைத் தரையில் கொட்டிவிட்டுப் போயிருந்தனர். இராக்கின் விதை வங்கி அபூ குரைபில் இருந்தது; 2003இல் சூறையாடப்பட்டது. சிறைச்சாலையால் உலகம் அறிந்த அவ்வூரில் விதைகளும் சிறைபட்டு மாண்டன என்பதை அறிந்தோர் சிலரே. நல்வாய்ப்பாக, இராக்கிய விஞ்ஞானிகள் 1990களிலேயே ஒரு பகுதியை ஹலபுக்கு அனுப்பி வைத்திருந்தனர். அடுத்த ஆண்டே, 2004 ஏப்ரலில், ஆக்கிரமிப்பு நிருவாகம் 81ஆம் ஆணையைப் பிறப்பித்துப் புது ரகங்களின்மேல் தனியுரிமையை இராக்கில் புகுத்தியது. அவ்வாறு பதிவான ரகத்தின் விதையை எடுத்துவைத்து உழவன் மறுபடி விதைத்தல் தடை செய்யப்பட்டது. பதிவு செய்த ரகத்திற்கு மட்டுமே அது பொருந்தும் என்று சமாதானம் கூறப்பட்டது. கோதுமையை உலகிற்குக் கொடுத்த மண்ணில் அச்சட்டத்தை எழுத அந்தப் பேனா கூசியிருக்க வேண்டும்.

நார்வே அரசு வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்ட் தீவில் மலையைக் குடைந்து அமைத்த விதைப் பெட்டகம் 2008 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே விதைகள் பூச்சியத்திற்குக் கீழ் 18 பாகைக் குளிரில் வைக்கப்படுகின்றன. நபி யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் தானியத்தைக் கதிரோடே விட்டுக் காத்தார்கள். இங்கே உலர்த்தி உறையிட்டுப் பனிக்குள் காக்கின்றனர். வைத்தவர் தவிர வேறெவரும் பெட்டியைத் திறக்க இயலாது. ஹலபிலிருந்து தவணை தவணையாக ஏறத்தாழ 1,16,000 மாதிரிகளின் இரட்டைகள் அங்கே சென்று சேர்ந்தன. 2012இல் வெளிநாட்டுப் பணியாளர் வெளியேறித் தலைமையிடம் பெய்ரூத்துக்கு மாறியது. உள்ளூர் சிரியப் பணியாளர்களோ அதன் பின்னரும் குளிர் அறைகளை நிறுத்தாமல் காத்தனர். அப்பகுதியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுவினரோடு பேசி, மின்னியந்திரம் ஓடும்படி பார்த்துக்கொண்டனர். இவர்களின் பெயர்களை எந்தக் காவியமும் பாடப்போவதில்லை. இறுதியில் அவர்களும் அங்குச் செல்ல இயலாமற்போயிற்று.

2015இல் ஸ்வால்பார்ட் பெட்டகத்திலிருந்து முதன்முதலாக விதை திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ 38,000 மாதிரிகள் மொராக்கோவில் ரபாத்தை அடுத்த நிலையத்திற்கும், லெபனானின் பிகாஃ சமவெளியிலுள்ள தெர்போலுக்கும் பயணமாயின. 1975இல் போருக்கு அஞ்சி லெபனானை விட்டு ஹலபுக்குச் சென்ற பணி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் போருக்கு அஞ்சி ஹலபிலிருந்து அங்கேயே திரும்பியது.

ஒவ்வோர் உறையிலும் இருப்பது சிறிதளவு விதையே. அதனைத் தனித்தனிப் பாத்தியில் விதைத்து, எண்ணிட்டு, கலப்பின்றி வளர்த்து, அறுத்து, உலர்த்திப் பெருக்க வேண்டும். ஃபூல் பயிரில் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். ஆதலின் வலைக் கூண்டுகள் வேண்டும். காட்டுக் கோதுமை முற்றியவுடன் மணியை உதிர்த்துவிடும். ஆதலின் கதிருக்குக் கதிர் உறை கட்ட வேண்டும். ஆண்டுக்குச் சில ஆயிரம் மாதிரிகளே இப்படிக் கைகூடும். 2017 பிப்ரவரியில் 15,000க்கு மேற்பட்ட மாதிரிகள் பெருகி ஸ்வால்பார்ட் பெட்டகத்திற்குத் திரும்பிச் சென்றன. அவ்வாண்டிலும் 2019இலும் மேலும் பெட்டிகள் வெளியே எடுக்கப்பட்டு, பிகாஃ சமவெளியிலும் மொராக்கோவிலும் மழையை எதிர்பார்த்து விதைக்கப்பட்டன.